எக்ஸ்பைரி பாயும் பச்சை மூடி பாட்டிலும்

சிவகாசியில் பக்கத்திலேயே பத்தாயிரம் வாலா வெடித்தாலும் திரும்பிப் பார்க்காமல் டீ குடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அதே ஆட்கள், எக்ஸ்பைரி பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் ஆடிப்போய்விடுவார்கள். அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்றால் கேள்வி கேட்கப்போகிறார் என்று அர்த்தம். அந்தக் கேள்விகளுக்குப் பயந்தே எங்கள் தெருவில் பாதிப் பேர் நோயில்லாமல் இருந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

அவருடைய மருந்துக்கடை எங்கள் அச்சகத்துக்கு நேர் எதிரே. நான் அந்த அச்சகத்தில் பட்டாசு லேபிளும் தினசரி காலண்டரும் டிசைன் செய்துகொண்டிருந்தேன். பாய்க்கு நிஜப்பெயர் ஒன்று இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட மருந்தாளுநர் சான்றிதழில் அதைப் பார்க்கலாம். யாரும் பார்த்ததில்லை. மருந்து அட்டையைக் கையில் தருமுன் காலாவதித் தேதியை வெளிச்சத்தில் பிடித்து, வாங்குகிறவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். படிக்கத் தெரியாதவர் வந்தால் பின்னால் நிற்பவர் படித்துச் சொல்ல வேண்டும். தலைவலி மாத்திரைக்கு வந்தவர்கள் கூட்டாகப் பாடம் ஒப்பிப்பது போலத் தெருவில் சத்தம் கேட்கும். அப்படி வந்தது அந்தப் பட்டப்பெயர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு அவரிடம் அதிர்ச்சி காத்திருந்தது.

“பாய், ஒரே சளி. நல்ல ஆண்டிபயாட்டிக்கா ரெண்டு குடுங்க.”

கண்ணாடி கழன்றது.

“சீட்டு?”

“சீட்டெல்லாம் இல்ல. போன தடவை இதான் வாங்குனேன். ரெண்டே மாத்திரைல நின்னுருச்சு.”

“சளி நிக்கல தம்பி. மாத்திரைய நீங்க நிப்பாட்டிட்டீக. உள்ள இருக்கிற கிருமி ரெண்டு மாத்திரை தின்னு பளகிருச்சு. இனி ஒங்களைப் பாத்தா அது சிரிக்கும்.”

பின்னால் நின்றவர்கள் இப்போதே சிரித்தார்கள். பாய் விடவில்லை. காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், “வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க. மூணு நாள்ல குறையலைன்னா டாக்டரைப் பாருங்க” என்றார்.

“சரி, உப்பு குடுங்க.”

“உப்பு பலசரக்குக் கடைல. அடுத்த ஆளு வாங்க!”

வந்த வியாபாரத்தை வேறு கடைக்கு அனுப்பிவைக்கிற வியாபாரியை நான் அதுவரை கண்டதில்லை.

தெருவிலேயே முதலில் ஏசி போட்டது அவர்தான். எங்கள் ஊர் வெயிலுக்கு அது சொர்க்கவாசல். ஒரு ஜெலுசில் வாங்குகிற சாக்கில் ஆட்கள் உள்ளே போய்ச் சுவரோரம் சாய்ந்து நிற்பார்கள். பாய் சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பார், ஆட்களைப் பார்ப்பார். “ஏசி ஒங்களுக்குப் போடல. மாத்திரைக்குப் போட்டது. நீங்க அம்புட்டுப் பேரும் மூச்சு விட்டா மாத்திரைக்கு வேக்குது, வெளிய போங்க” என்பார்.

கடையின் மூலையில் ஒரு நீலத் திரை தொங்கவிட்டார். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும், கூச்சமான விஷயங்களைத் தனியே பேச வேண்டும் என்பது விதியாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரைக்குள் யார் போகிறார்கள் என்பதைத் தெருவே எட்டிப் பார்த்தது. எங்கள் மேனேஜர் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு வாங்கத் திரைக்குள் போய்வந்தார். சாயங்காலத்துக்குள் அவருடைய மாமனாருக்குத் தகவல் வேறு மாதிரியாகப் போய்ச் சேர்ந்து, மறுநாள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேச உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டிய பிறகுதான் குடும்பம் பிழைத்தது.

ஒரு பக்ரீத் அன்று பாயின் மச்சான், வீட்டு ஃபிரிட்ஜில் இடமில்லை என்று கறிப் பொட்டலத்தைக் கடை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். மத்தியானத் தொழுகை முடிந்து புதுச்சட்டையோடு வந்த பாய் போட்ட சத்தத்தில், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து நாங்கள் ஓடினோம்.

“மச்சான், இன்சுலின் படுத்திருக்கிற எடத்துல ஆட்டைக் கொண்டாந்து படுக்க வச்சிருக்கீக!”

“ஓரமாத்தான வச்சேன், மச்சான்?”

“கதவை எம்புட்டு நேரம் தொறந்து வச்சீக? அதச் சொல்லுங்க மொதல்ல!”

மச்சான் அடுத்த பக்ரீத் வரை அவரோடு பேசவில்லை. பாய் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஃபிரிட்ஜின் வெப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே அவருக்கு நேரம் போய்விட்டது.

மருந்துகளைச் சோதிக்க வருகிற அரசு ஆய்வாளர் ஒருவர் இருந்தார். மற்ற கடைக்காரர்கள் அவரைப் பார்த்தால் வியர்ப்பார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஆய்வாளருக்கு வியர்த்தது. மாத்திரைத் தட்டைத் தொடப் போனவரைக் கை கழுவிவிட்டு வரச் சொன்ன ஒரே கடைக்காரர் பாய்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் கிளம்பினாலும் பாய் விடமாட்டார். “இன்னும் நல்லாப் பாருங்க சார். எங்கயாவது ஒண்ணு இருக்கும்” என்று பின்னாலேயே போவார்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் கரும்பலகை விவகாரத்தில் பஜாரே வாய்பிளந்து நின்றது.

ஒரு காலண்டர் ஏஜெண்டுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தபோது பாய், பெயர் ஒன்றாகவும் வீரியம் இரட்டிப்பாகவும் இருந்த பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். சற்று நேரத்தில் அவரே கண்டுபிடித்தார். கடையை அப்படியே விட்டுவிட்டு, ஏஜெண்ட் வீட்டு வளைகாப்புக்குள் புகுந்து, தாம்பூலத் தட்டுகளைத் தாண்டிப் போய், அவர் வாயருகே கொண்டுபோன மாத்திரையைப் பிடுங்கினார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரு கரும்பலகை. ‘நேற்று இந்தக் கடையில் நான் ஒருவருக்கு வீரியம் மாறிய மாத்திரை கொடுத்துவிட்டேன். உடனே திரும்ப வாங்கிவிட்டேன். நேற்று என்னிடம் வாங்கியவர்கள் எல்லோரும் அட்டையைக் கொண்டுவந்து காட்டவும்.’

எங்கள் மேனேஜர் தெருவைக் கடந்து ஓடினார்.

“என்ன பாய், கடையச் சாத்துற திட்டமா? தப்பு நடந்தா அமுக்கிட்டுப் போவாகளா, போர்டு எழுதி வைப்பாகளா?”

“அமுக்குனா அடுத்த தடவையும் நடக்கும்ங்க.”

சில நாட்கள் பாய் கடையில் ஈ ஓட்டினார். பிறகு எப்படியோ கூட்டம் பழையபடி வந்துவிட்டது. ஒரே மாதிரிப் பெயருள்ள பெட்டிகளை அன்று முதல் கடையின் இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக வைத்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, அவருக்கே ரத்த அழுத்தம் குறைந்தது.

ஆனால் அவரை நான் நிஜமாகத் தெரிந்துகொண்டது ஓர் ஆடி வெள்ளிக்கிழமையில்தான்.

ஜும்மா தொழுகைக்காகக் காலையிலேயே அத்தர் பூசி, தலையில் தொப்பியும் வைத்துவிட்டார். அந்த நேரத்தில் அவருடைய போனுக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து செய்தி வந்தது. பச்சை மூடி போட்ட குழந்தைகள் இருமல் மருந்தில் ஒரு குறிப்பிட்ட பேட்சின் மேல் சந்தேகம். விற்பதை நிறுத்தவும், விற்றதைத் திரும்ப வாங்கவும். அலமாரியில் இருந்ததை எல்லாம் எடுத்துப் பெட்டியில் போட்டு ஒட்டினார். வாங்கிப்போனவர்களுக்கு உட்கார்ந்து போன் போட்டார். பெற்றவர்கள் பதறிக்கொண்டு வந்து பாட்டில்களைக் கொடுத்துப்போனார்கள். ஒரே ஒரு பாட்டில் மட்டும் வரவில்லை.

வெள்ளைக் கோட்டோடு எங்கள் அச்சகத்துக்குள் நுழைந்தார்.

“தம்பி, ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட பட்டாசுக் கம்பெனி எது?”

“எம். புதுப்பட்டில இருக்கு பாய். அவுகளுக்கு நாமதான் லேபிள் அடிக்கோம். ஏன்?”

“நேத்து சாயங்காலம் ஒரு பொம்பளப்பிள்ளை பச்சை மூடி மருந்து வாங்கிட்டுப் போச்சு. நகமெல்லாம் அலுமினியப் பொடி, வெள்ளி மாதிரி மின்னுச்சு. சீட்டுல பிள்ளை பேரு பாண்டின்னு மட்டும் இருக்கு. போன் நம்பர் கேட்டேன். ‘பொம்பளைட்ட நம்பர் கேக்கீகளே, வெக்கமா இல்லையா’ன்னு வஞ்சிட்டு, ஒட்டகச்சிவிங்கி வேன்ல ஏறிப் போயிருச்சு.”

மேனேஜர் குறுக்கிட்டார். “ஒரு பாட்டில்தான பாய்? அதுக்காக ஆடி வெள்ளிக்கிளமை கடையச் சாத்துதீகளா?”

“ஒரு பாட்டில் இல்லங்க. ஒரு பிள்ளை.”

அந்தக் கம்பெனிக்கு லேபிள் ஏற்றிக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ புறப்பட்டுக்கொண்டிருந்தது. லேபிள் கட்டுகளின் மேல் அவர் ஏறி உட்கார்ந்தார். என்னையும் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். ஏறியதும், “பெல்ட் இல்லையா?” என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். வழியில், மருந்து கெட்டிருந்தால் குழந்தையின் சிறுநீரகத்தைத்தான் முதலில் அடிக்கும் என்று தணிந்த குரலில் சொன்னார். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பெனி கேட்டில் ஃபோர்மேன் நின்றிருந்தார். அவசரமாக ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் பாயை மேலும் கீழும் பார்த்தார்.

“கோட்டைக் களட்டுங்க. உள்ள போட்டிருக்கதும் பாலியஸ்டர்தான? அதையும் களட்டுங்க. போனைக் குடுங்க. செருப்புல ஆணி இருக்கா? அங்கனயே விடுங்க. இந்தத் தகட்டுல கை வச்சிட்டு வாங்க, ஒடம்புல உள்ள கரண்டு எறங்கட்டும். உள்ள ஓடக்கூடாது, சத்தம் போடக்கூடாது.”

வேறு யாராக இருந்தாலும் சண்டை பிடித்திருப்பார்கள். பாய் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவ்வளவு பதற்றத்திலும் அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. “இப்படித்தான் இருக்கணும்” என்றார் என் காதில். பனியனோடும் தொப்பியோடும், வெறுங்காலில், ஷெட் ஷெட்டாக நடந்து, வாசலில் நின்று பெண்களின் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தார். தூரத்திலிருந்து பார்க்க அது நன்றாக இல்லை.

கடைசி ஷெட்டில் ஒரு பெண் எழுந்தாள்.

“அண்ணே! நேத்து என்ட்ட நம்பர் கேட்ட ஆளு இவருதான்! இங்கன வரைக்கும் வந்துட்டாரு, அதுவும் பனியனோட!”

ஃபோர்மேனின் கை பாயின் தோளில் விழுந்தது. எனக்கு ஊருக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்ற யோசனை வந்தது. பாய் தோளில் இருந்த கையைப் பொருட்படுத்தவே இல்லை.

“தாயி, பாண்டிக்கு அந்த மருந்தைக் குடுத்தியா?”

அவள் முகம் மாறியது. பெயர் மாரீஸ்வரி. ராத்திரி ஒருதரம், காலையில் ஒருதரம் கொடுத்திருக்கிறாள். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டான். சீசன் நேரம், ஆர்டர் நெருக்குகிறது, இவளுக்கு லீவு இல்லை. மத்தியானத்துக்குக் கொடுக்கச் சொல்லி பாட்டிலையும் பையில் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

விஷயத்தைக் கேட்டதும் ஃபோர்மேன் தோளிலிருந்து கையை எடுத்து, “போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். மாரீஸ்வரி ஓட எத்தனித்தாள். பிறகு தன்னையே அடக்கிக்கொண்டு நடந்தாள். பாய் நடந்தார். நானும் நடந்தேன். சுற்றிலும் வெடிமருந்து காய்ந்துகொண்டிருந்தது. அவள் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. கால்கள் மட்டும் நிதானமாக அடியெடுத்து வைத்தன. அவ்வளவு மெதுவாக நடந்த ஓர் அவசரத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கேட்டைத் தாண்டியதும், கழற்றி வைத்த சட்டையையும் கோட்டையும் பாய் மாட்டியபடியே வர, மூன்று பேரும் ஓடினோம்.

புருஷனுடைய போன் அணைந்திருந்தது. லேபிளை இறக்கிவிட்டு அதே ஆட்டோ சாத்தூர் வழியாகப் பறந்தது. இருக்கன்குடியில் மனிதத்தலையாகத்தான் தெரிந்தது. அக்கினிச்சட்டி, மஞ்சள் சேலை, வேப்பிலை, மொட்டைத் தலைகள். அதில் ஒரு மொட்டையை எங்கே தேடுவது? பாய் ஒலிபெருக்கிக் கொட்டகைக்குள் நுழைந்தார். தொப்பி வைத்த ஆளைப் பார்த்து மைக்காரர் ஒருகணம் விழித்தார். “ஒரு பிள்ளை விசயம்” என்றதும் மறுபேச்சில்லாமல் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

“எம். புதுப்பட்டி மாரீஸ்வரி வீட்டுக்காரரு எங்கன இருந்தாலும் கேளுங்க! பாண்டிக்கு அந்தப் பச்சை மூடி மருந்தைக் குடுக்காதீக! நல்லாக் குலுக்கிட்டுக் குடுங்கன்னு நாந்தான் சொன்னேன், அதை மறந்துருங்க! குலுக்காமலும் குடுக்காதீக! பிள்ளையத் தூக்கிட்டு ஒடனே மைக் கொட்டகைக்கு வாங்க!”

மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், பழக்கதோஷத்தில் மறுபடி வாங்கினார். “மத்தவுகளும் பையில மாத்திரை இருந்தா தேதியப் பாத்துக்கங்க.” சத்தியமாகச் சொல்கிறேன், மொட்டை போட உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பாதி மழித்த தலையோடு இடுப்பு மடிப்பிலிருந்து மாத்திரையை எடுத்துப் பார்த்தார்.

சற்று நேரத்தில் ஓர் இளைஞன், தலையில் சந்தனம் பூசிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தான். மத்தியான மருந்தைக் கொடுக்க மூடியைத் திறந்த நேரத்தில் அறிவிப்பு கேட்டதாம். பாய் பாட்டிலைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார்.

“பிள்ளை ஒண்ணுக்குப் போனானா?”

“நான் கவனிக்கலையே...”

“காலைல இருந்து ஒரு தடவையாவது?”

“தெரியலையே பாய்.”

மாரீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் வளைத்து நின்று பார்த்தது. பாயின் முகத்தில் ரத்தமே இல்லை. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினார். மொட்டை போட்ட கோபத்தில் ஏற்கெனவே இருந்த பாண்டி, வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். ஊசி போட வந்த ஆள் என்று முடிவுகட்டினான். வீறிட்டு அலறினான். அந்த அலறலோடு, பாயின் கோட்டிலும் சட்டையிலும் பேண்டிலும் தாராளமாகப் பெய்துவிட்டான்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று பாய் போட்ட சத்தத்தில் பறையடித்தவர்களே நிறுத்திவிட்டார்கள். “பெய்யி ராசா! நல்லாப் பெய்யி! இன்னும் இருக்கா?” பிள்ளையை உயரத் தூக்கிக்கொண்டு, சொட்டச் சொட்டக் குதித்தார். மூத்திரத்தில் நனைந்து இப்படிக் கொண்டாடுகிற மனிதரைப் பார்த்து, சாமி வந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு பெண்கள் கும்பிட்டார்கள். அவர்களிடம் விளக்கம் சொல்ல நான் முயலவில்லை. எனக்கும் கண் மங்கலாகத்தான் இருந்தது.

சாத்தூர் ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சோதித்தார்கள். இப்போதைக்குக் குறையொன்றும் இல்லை, இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பிள்ளை நலமாக வீடு திரும்பினான். அந்த பேட்ச் நிஜமாகவே கெட்டதுதான் என்று பின்னாளில் முடிவு வந்தது. மத்தியானம் அந்த ஒரு மூடி மருந்து உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

லோடு ஆட்டோ வேறு லோடுக்குப் போய்விட்டதால், சாயங்காலம் இரண்டு பேரும் சாத்தூரில் பஸ் ஏறினோம். அவர் மேல் அடித்த வாடையில் முன் சீட்டும் பின் சீட்டும் காலியாயின. ஜன்னலைப் பார்த்தபடி வந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தம்பி, சீட்டு பாத்தேன். தேதி பாத்தேன். சீலு பாத்தேன். அம்புட்டும் சரியா இருந்துச்சு. இந்தக் கையாலதான எடுத்துக் குடுத்தேன்? உள்ள என்ன ஊத்தியிருக்கான்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?”

அவர் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு இன்றும் மறக்காதது அதுதான். இத்தனை காவலுக்கும் அப்பால், முகம் தெரியாத யாரோ ஒருவனை நம்பித்தான் அந்தக் கடை திறக்கிறது, நாமும் வாயைத் திறக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் தலை சாய்ந்து என் தோளில் விழுந்தது. தூங்கிவிட்டார். தொப்பி நழுவியதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சிவகாசி வந்தது. பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போகிறது. “சிவகாசி எல்லாம் எறங்கு” என்று கண்டக்டர் எங்கள் அருகே வந்து விசிலை வாயில் வைத்தார்.

ஊதவேண்டாம் என்று கைகாட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன், தோளை அசைக்காமல்.